கீழ்வீட்டுப் போக்கியம், மேல்வீட்டுப் பாக்கி

கோவையிலிருந்து வந்த நீண்ட கடிதம் இது. எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. குடியிருக்கச் சொந்த வீடு உண்டு. 2022 ஜூலையில், முதலீடாக இருக்கட்டும் என்று, மாநகராட்சி எல்லைக்குள் கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள பழைய வீடு ஒன்றை 58 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார். அதில் 35 லட்சம் வங்கிக் கடன். 8.5% வட்டி, 20 வருடத் தவணை, மாதம் சுமார் 30,370 ரூபாய்.

வாங்கும்போதே கீழ்வீட்டில் ஒரு பெரியவர் குடும்பத்தோடு இருந்தார். 2019-ல் முந்தைய உரிமையாளரிடம் 6 லட்சம் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடிவந்தவர். 20 ரூபாய்ப் பத்திரத்தில் ‘வீட்டுப் போக்கிய ஒப்பந்தம்’ என்று எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதிவு செய்யவில்லை. விற்றவர் முதலில் 60 லட்சம் கேட்டு, பிறகு 58-க்கு இறங்கி, “கீழ்வீட்டுக்காரர் விஷயத்தை நீங்க பேசிப் பார்த்துக்குங்க” என்று சொல்லியிருக்கிறார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்ததால் வாசகரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பெரியவர் சொல்வது ஒன்றுதான்: “6 லட்சத்தைக் குடுங்க தம்பி, அடுத்த நாளே சாவி உங்க கையிலுங்க.”

மேல்வீட்டில் ஒரு இளம் தம்பதி. 2023-ல் வந்தார்கள். வாடகை 11,000, அட்வான்ஸ் 1 லட்சம். 11 மாத ஒப்பந்தம் முடிந்தபின் யாரும் புதுப்பிக்கவில்லை. ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. கணவர் வேலை பார்த்த மில்லில் ஆட்குறைப்பு என்கிறார். “அடுத்த மாசம் சேர்த்துத் தந்துடறேங்க” என்கிறார். வாசகரின் மச்சான் கொடுத்த யோசனை: மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டு வராண்டாவில்தான் இருக்கிறது, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவார்கள்.

இதற்கு நடுவில், நண்பர் ஒருவர் மூலமாக ஒரு புதிய அடுக்குமாடித் திட்டம். ‘ப்ரீ லாஞ்ச்’ விலை 48 லட்சம், 20% தள்ளுபடி, இப்போது 10 லட்சம் கட்டினால் போதும், ரெரா எண் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்) “வந்துக்கிட்டே இருக்கு.” பழைய வீட்டை விற்றுத் தலைவலியிலிருந்து தப்பித்து, இதில் போட்டுவிடலாமா என்பது அவரது கேள்வி. கடைசி வரியில் ஒரு பயம்: “குடியிருப்பவர் 12 வருடம் இருந்துவிட்டால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்கிறார்களே, 2019-லிருந்து எண்ணினால் பாதிக்கு மேல் போய்விட்டதே?”

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பயம் இருக்கும்வரை மற்ற எதையும் நீங்கள் நிதானமாக யோசிக்க மாட்டீர்கள்.

12 வருடக் கதை என்பது, உரிமையாளரின் உரிமையை மறுத்து, ‘இது என்னுடையது’ என்று வெளிப்படையாக அனுபவிப்பவருக்கானது. வாடகைக்கோ போக்கியத்துக்கோ உள்ளே வந்தவர், உரிமையாளரின் அனுமதியோடு வந்தவர். அனுமதியோடு இருக்கிற ஒருவர் எத்தனை வருடம் இருந்தாலும், இருந்த வருடங்களை மட்டும் காட்டி உரிமை கேட்க முடியாது. வாடகைதாரர், தன்னைக் குடிவைத்தவரின் உரிமையையே மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிற விதி. போக்கியத்தை முறையான ஒத்தியாகவே, அதாவது சொத்தை ஈடாகக் கொடுத்து வாங்கிய கடனாகவே கருதினாலும், பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்க உங்களுக்கு 30 வருடக் காலவரம்பு உண்டு. பெரியவர் உங்களிடம் வீட்டைக் கேட்கவில்லை, பணத்தைத்தான் கேட்கிறார். அவர் பேச்சிலேயே நீங்கள்தான் உரிமையாளர் என்ற ஒப்புதல் இருக்கிறது. இன்று இரவு தூங்குங்கள்.

அந்த 6 லட்சம் யார் தலையில்?

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் ‘வில்லங்கச் சான்று சுத்தம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். பதிவு அலுவலகத்துக்கு வந்த பத்திரங்கள் மட்டும்தான் வில்லங்கச் சான்றில் ஏறும். பதிவு செய்யாத போக்கியம், வாய்மொழி வாடகை, எழுதி வைத்துப் பதியாத உயில், சிவில் கோர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு இவையெல்லாம் பெரும்பாலும் அதில் தெரியாது. தெரியாததை எல்லாம் இல்லை என்று எடுத்துக்கொண்டீர்கள்.

சட்டம் இதில் உங்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறது. 1882-ன் சொத்து மாற்றுச் சட்டத்தில் ஒரு விளக்கம் உண்டு: ஒரு சொத்தை வாங்குபவருக்கு, அதில் அப்போது நேரடியாகக் குடியிருப்பவரின் உரிமை பற்றித் தெரியும் என்றே கருதப்படும். ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. கதவைத் தட்டி, “நீங்க எப்படிங்க இங்க இருக்கீங்க, எவ்வளவு குடுத்திருக்கீங்க, காகிதம் இருக்கா?” என்று கேட்பது வாங்குபவரின் வேலை. உங்களுக்கோ விற்றவரே சொல்லியும் இருக்கிறார்.

அடுத்த நம்பிக்கை: ‘20 ரூபாய்ப் பத்திரம், பதிவில்லை, செல்லாது.’ பாதி சரி. 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தியை இதுபோன்ற எழுத்தில் உண்டாக்க வேண்டுமானால் பதிவு வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் வேண்டும். ஆகவே பெரியவர் தன்னை முறையான ஒத்திதாரர் என்று நிலைநாட்டுவது கஷ்டம். ஆனால் 6 லட்சம் கைமாறியது உண்மை, அதற்காகத்தான் அவர் உள்ளே இருக்கிறார் என்பதும் உண்மை. பதிவில்லாத காகிதத்தைக்கூட, அவர் எந்த வகையில் உள்ளே வந்தார் என்று பார்ப்பதற்கு நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பணத்துக்கு வழி சொல்லாமல் ‘காலி செய்’ என்ற உத்தரவு சுலபத்தில் கிடைக்காது.

அப்படியானால் விற்றவர் தப்பித்துவிட்டாரா? இல்லை. சொத்து கைமாறும்போது, குடியிருப்பவர் விரும்பினால் புதிய உரிமையாளரைப் பொறுப்பாளியாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொள்ளாதவரை, விற்றுவிட்டார் என்ற ஒரே காரணத்தால் பழையவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்று அதே சட்டத்தின் 109-வது பிரிவு சொல்கிறது. தேர்வு பெரியவர் கையில். அவர் உங்களைத்தான் கேட்பார். நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள், வீடும் உங்களுக்குத்தான் வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு விற்றவர்மேல் இருக்கும் பிடி, உங்கள் கிரயப் பத்திரத்தில் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். அநேகமாகக் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், “மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லையென்றும், பின்னிட்டு ஏதேனும் ஏற்பட்டால் எனது சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் தீர்த்துக்கொடுப்பேன் என்றும்” ஒரு வாசகம் ஓடும். எழுத்தர்கள் பழக்கத்தில் அடித்துவிடுகிற வரி, யாரும் படிப்பதில்லை. நீங்கள் வாங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டதால், சாதாரண ஒப்பந்த மீறல் வழக்குக்கான காலம் போய்விட்டது என்றே எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் இழப்பை ஈடுகட்டுவேன் என்ற உறுதிமொழி இருந்தால், நீங்கள் உண்மையில் பணத்தை இழந்த நாளிலிருந்துதான் மூன்று வருடம் ஓடத் தொடங்கும். இன்னும் நீங்கள் ஒரு பைசாவும் கொடுக்கவில்லை. அதனால் பெரியவருக்குக் கொடுப்பதற்கு முன்பே விற்றவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போகட்டும்.

அவரது பதிலும் எனக்குத் தெரியும்: “அதுக்காகத்தானே ரெண்டு லட்சம் குறைச்சேன்.” எழுத்தில் இல்லை என்பது உங்களுக்குச் சாதகம்; நீங்கள் தெரிந்தே வாங்கினீர்கள் என்பது அவருக்குச் சாதகம். முழு 6 லட்சமும் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சுவார்த்தையில் 2, 3 லட்சத்துக்கு வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். மீதிக்காக ஐந்து வருடம் கோர்ட் வாசலில் நிற்க வேண்டாம்.

நீங்கள் வாங்காத கடன், கட்டிக்கொண்டிருக்கும் வட்டி

நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர். அதனால் இந்தக் கணக்கை நீங்கள் போடாதது எனக்கு ஆச்சரியம்தான்.

கீழ்வீட்டுக்கு இன்று மாதம் 12,000 வாடகை கிடைக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 1,44,000. 6 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அது. அதாவது 24% வட்டி. கந்துவட்டிக்காரர்கூடக் கொஞ்சம் யோசித்துக் கேட்கிற விகிதம்! அந்த 6 லட்சம் உங்கள் கைக்கு வரவும் இல்லை, அனுபவித்தவர் வேறொருவர். பெரியவர் காலி செய்யாதது உங்கள் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றரை வருடமாக அவரைக் காலி செய்ய விடாமல் வைத்திருப்பது நீங்கள்தான்.

அதே வங்கியில் வீட்டுக்கடன்மேல் கூடுதலாக 6 லட்சம் டாப்-அப் கேளுங்கள். 9.5% வட்டியில் 10 வருடத்துக்கு என்றால் தவணை 7,800 ரூபாய்க்குள் அடங்கும். வாடகை 12,000 வந்தால் தவணை போக மிச்சமும் இருக்கும். வங்கி தரத் தயங்கினால் நகைக்கடன், சேமநல நிதி என்று வேறு வழி பாருங்கள். உறவில் கைமாற்று வாங்கினாலும் 24%-ஐவிட அது தேவலை.

கொடுக்கும் விதம் முக்கியம். முதல் நாளே பணத்தைக் கொடுத்துவிட்டு, ‘பையனுக்குப் பரீட்சை முடியட்டும்’ என்ற பேச்சில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு லட்சத்தை வங்கி வழியாகக் கொடுத்து, இந்தத் தேதியில் காலி செய்கிறேன் என்று எழுதி வாங்குங்கள். மீதி 5 லட்சத்துக்கு டிமாண்ட் டிராஃப்ட். வீட்டுச் சாமான் வண்டியில் ஏறி, சாவி உங்கள் கைக்கு வந்து, ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் இல்லை’ என்ற ரசீதில் அவரும் வயதுவந்த பிள்ளைகளும் கையெழுத்துப் போட்ட பிறகு அது கைமாற வேண்டும். பழைய 20 ரூபாய்ப் பத்திரத்தின் அசலையும் அன்றே திருப்பி வாங்குங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

ஃபியூஸில் கை வைக்காதீர்கள்

உங்கள் மச்சான் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தானோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் கூடாது. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் ஒரு மனு போட்டால், உடனே திருப்பிக் கொடு என்று இடைக்கால உத்தரவு வரும். ஆள் இல்லாத நேரத்தில் பூட்டை மாற்றினாலும் இதே கதைதான். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உள்ளே வரலாம். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்சிக்காரர், என்னிடம் கேட்காமலேயே இதைச் செய்தார். மூன்று மாத வாடகை பாக்கிக்காக மின்சாரத்தைத் துண்டித்தார். வீட்டில் பிரசவித்து இருபது நாள் ஆன பெண். மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனில் கைகட்டி நின்றவர் உரிமையாளர். அதுவரை பாக்கிக்காரராக இருந்த வாடகைதாரர், அன்றிலிருந்து பாதிக்கப்பட்டவர் ஆகிவிட்டார். அந்த வழக்கை நேர்ப்படுத்த எனக்கு இரண்டு வருடம் ஆனது. இன்னொன்று: உங்கள் சுவிட்ச் இருப்பது கீழ்வீட்டு வராண்டாவில். நீங்கள் பிடுங்கினால், அதற்கு முதல் சாட்சி, உங்களிடம் 6 லட்சம் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பெரியவர்.

இனி 11 மாத ஒப்பந்தம் பற்றி. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற பதிவுச் சட்ட விதியிலிருந்து தப்பத்தான் 11 மாதப் பழக்கம் வந்தது. புதிய வாடகைச் சட்டத்தில் அந்த வித்தை பலிக்காது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். இணையவழியிலேயே செய்யலாம். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, இது வேறு; இரண்டையும் குழப்பிக்கொண்டு இரண்டையும் செய்யாமல் விடுகிறவர்களே அதிகம். அட்வான்ஸிலும் ஒரு கணக்கு உண்டு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நீங்கள் வாங்கியது ஒன்பது மாதத்துக்கு மேல். இன்று உங்களிடம் உயிரோடு ஒரு ஒப்பந்தமும் இல்லை. கோர்ட்டில் இது உங்களுக்கு எதிராக எடுபடலாம்.

உங்கள் வழி இது. பாக்கி வாடகைக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கோரலாம். எழுத்து ஒப்பந்தத்துக்கு வராததும் அந்தச் சட்டத்தில் ஒரு காரணம். ஆகவே, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்படி அதே நோட்டீஸில் கேளுங்கள். மறுத்தால் இரண்டு காரணத்தையும் சேர்த்து மனுப் போடலாம்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால், நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறிப் போய் உட்கார்ந்து பேசுவேன். பாக்கி ஐந்து மாதம், 55,000. உங்கள் கையில் அட்வான்ஸ் 1 லட்சம். இன்னும் நீங்கள் நஷ்டத்தில் இல்லை. இந்த நிலை அடுத்த நான்கு மாதத்துக்குத்தான். “ரெண்டு மாசம் டைம் எடுத்துக்குங்க, ஏழு மாச வாடகை 77,000 அட்வான்ஸ்ல கழியட்டும், இ.பி. பில் போக மீதியைச் சாவி குடுக்கிற அன்னிக்கே தந்துடறேன்” என்று சொல்லிப் பாருங்கள். வேலை போன மனிதருக்கு, அடுத்த வீட்டு அட்வான்ஸுக்குக் கையில் பத்து, இருபதாயிரம் கிடைக்கும் என்பது பெரிய விஷயம். ஒப்புக்கொண்டால் ஒரே பக்கத்தில் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவருக்கு வேலை கிடைத்துவிட்டது, தொடர்ந்து இருக்க விரும்புகிறார் என்றாலும் நல்லதே. புதிய ஒப்பந்தம், பதிவு எண், பாக்கிக்குத் தவணை. நல்ல வாடகைதாரர் என்று மூன்று வருடம் முன்பு நீங்களே தேர்ந்தெடுத்தவர்தானே.

ப்ரீ லாஞ்ச் ஃபிளாட்

வேண்டாம். காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவுக்கு உட்பட்ட திட்டத்தைப் பதிவு எண் வாங்காமல் விளம்பரம் செய்வதோ, முன்பதிவு வாங்குவதோ, விற்பதோ கூடாது. நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தால், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் இல்லையென்றால்தான் விலக்கு. அடுத்து, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10%-க்கு மேல் வாங்கக் கூடாது. 48 லட்சத்தில் அது 4,80,000. உங்களிடம் கேட்பது 10 லட்சம். கையெழுத்துப் போடும் முன்பே இரண்டு விதியை மீறுகிறவர், மூன்று வருடம் கழித்துச் சாவி தரும்போது மட்டும் ஒழுங்காக நடப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. எண் வரட்டும். வந்தபின் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்ட அனுமதி, நில உரிமை ஆவணம், முடிக்க வேண்டிய தேதி எல்லாவற்றையும் பாருங்கள். மொத்த நிலத்தில் உங்கள் பங்கான பிரிக்கப்படாத பாகம் உங்கள் பெயருக்கு எத்தனை சதுர அடி வருகிறது என்று கேளுங்கள். விளம்பரத்தில் நீச்சல் குளத்துக்குப் படம் இருக்கும், இதற்கு இருக்காது. அப்போது தள்ளுபடி கொஞ்சம் குறைந்திருந்தால் குறையட்டும்.

அந்த 20% தள்ளுபடியும் முழுதாக உங்கள் கைக்கு வராது. கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கு, 45 லட்சத்துக்கு மேற்பட்ட விலையில், ஜி.எஸ்.டி. 5%. 48 லட்சத்துக்கு 2,40,000. நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு இந்த வரி கிடையாது. கட்டி முடியும்வரை வாடகை இல்லை, தவணை மட்டும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே ஒரு வீட்டில் அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள்.

விற்பதா, வைத்திருப்பதா

58 லட்சத்துக்கு வாங்கினேன் என்று எழுதுகிறீர்கள். அது முழுக் கணக்கில்லை. நீங்கள் வாங்கியபோது முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 4%. பதிவுக் கட்டணம் 2% ஆனது 2023 ஏப்ரலில்தான். பத்திரத்தில் முழு விலையும் காட்டியிருந்தால் 6,38,000 அதிலேயே போயிருக்கும். ஆக முதலீடு 64 லட்சத்துக்கு மேல். ஒழுங்காக வந்தபோது மேல்வீட்டு வாடகை வருடம் 1,32,000. அது 2% சொச்சம். இரண்டு வீடும் வாடகைக்குப் போனால் மாதம் 23,000, வருடம் 2,76,000; ஏறக்குறைய 4.3%. அதிலும் சொத்து வரி, பெயிண்ட், மோட்டார் ரிப்பேர், ஆள் மாறும்போது சும்மா கிடக்கும் ஒன்றிரண்டு மாதம் எல்லாம் கழிய வேண்டும். கடன் வட்டி 8.5%. வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற எதிர்பார்ப்பு நம் ஊர் விலைக்கும் வாடகைக்கும் ஒத்துவராது. நில மதிப்பு ஏறினால்தான் உங்களுக்கு லாபம். அதுவரை மாதாமாதம் சம்பளத்திலிருந்து போட்டுத் தாங்க முடியுமா என்பதுதான் நீங்கள் உங்களையே கேட்க வேண்டியது.

வரியில் மிச்சமாகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். புதிய வரி முறையில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அதில் வாடகை வீட்டின் கடன் வட்டியை வாடகை வருமானத்தில்தான் கழிக்கலாம். அதனால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் வருடம் 2 லட்சம்வரை கழிக்கலாம். கீழ்வீட்டுக்கு வாடகையே வரவில்லை, அதனால் கணக்கில் காட்டவில்லை என்கிறீர்கள். அது தப்பு. அந்த வீடு நியாயமாக எவ்வளவு வாடகைக்குப் போகும் என்பதைத்தான் வரிச் சட்டம் பார்க்கும். இன்னொன்று, நீங்கள் கேட்காதது: 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து வாங்குபவர் கட்ட வேண்டும். கட்டியிருந்தால் சலானைத் தேடி வையுங்கள். இல்லையென்றால் நோட்டீஸ் வருமுன் ஆடிட்டரைப் பாருங்கள்.

இன்றைய நிலையில் விற்கப் போனால், கீழே போக்கியம், மேலே பாக்கி என்ற வீட்டுக்கு வருகிறவர் உங்களைப் போல 2 லட்சம் குறைத்துக் கேட்க மாட்டார். 10 லட்சம் குறைப்பார். இரண்டு போர்ஷனையும் நேர்செய்தபின் விற்றால் விலையும் கிடைக்கும், வாங்குபவருக்கு வங்கிக் கடனும் சுலபமாகக் கிடைக்கும். அப்போது மூலதன ஆதாய வரியில் உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியவர் என்பதால், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டால் லாபத்தில் 20%, அது இல்லாமல் 12.5% என இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். அவசரம் ஒன்றும் இல்லை. கீழ்வீட்டை முதலில் முடியுங்கள், மேல்வீட்டை அதோடு சேர்த்துப் பேசுங்கள், ஒரு வருடம் இரண்டு வாடகையும் வாங்கிப் பாருங்கள். அதன் பிறகும் விற்கத் தோன்றினால் விற்கலாம்.

விற்றவருக்கு நோட்டீஸ் எழுத உட்காருமுன் ஒரு வேலை. பெரியவரிடம் இருக்கும் அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கமும் வேண்டும். கொடுத்த பணத்தில் இடையில் அவசரத்துக்குத் திரும்ப வாங்கிய ஒரு லட்சம், ஒன்றரை லட்சத்துக்கெல்லாம் வரவு எழுதிக் கையெழுத்துப் போடுவது அந்தப் பின்பக்கத்தில்தான். நீங்கள் கொடுக்க வேண்டியது 6 லட்சம்தானா என்பது அதைப் பார்த்த பிறகே தெரியும்.